ஐந்து மணி ட்ரே

2044 மே 17, செவ்வாய்க்கிழமை. தூத்துக்குடி கீழக்கடல் இருதய மையத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் ஒன்பது பேருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப்பட்டது. ஒன்பது பேரும் உயிரோடு மேசையிலிருந்து இறங்கினார்கள். வெளியே வெப்பம் 44 டிகிரி.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சற்று முன்னால், ஆய்வகத்தின் மூத்த டெக்னீஷியன் ஜெஸிந்தா அந்த ஒன்பது பேரின் ரத்த முடிவுகளைத் திரையில் பார்த்தாள். நாலாவது பெயர் அவளுடைய அண்ணனுடையது. கஸ்பார், வயது 56. இதயத் தசை சிதைந்தால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் 3140. ரத்தம் சேகரித்த நேரம் இரவு 9.40, அதாவது அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்து சரியாக ஆறு மணி நேரம். அந்த வரியின் கடைசிக் கட்டத்தில் உய்வெண் 31.

உய்வு என்பது அந்த எண்ணைப் போடும் கணினி நிரலுக்குக் கோப்புகளில் இருந்த பெயர். வார்டில் அதற்கு வாத்தியார் என்று பெயர், மார்க் போடுவதால். நோயாளியின் வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஆறு மணி நேரத்து ட்ரோபோனின், இவற்றை வைத்து ஆள் முப்பது நாள் தாண்டுவாரா என்று நூற்றுக்கு ஓர் எண் சொல்லும். தினமும் காலை பத்து மணிக்கு அந்த எண்களின் வரிசையில் கட்டில் பட்டியல் வெளியாகும். கண்காணிப்பு அறையில் பன்னிரண்டு கட்டில். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் மானிட்டர், மூன்று கட்டிலுக்கு ஒரு நர்ஸ். மார்க் கூடியவர்கள் பன்னிரண்டு பேர் அங்கே இரண்டு நாள் இருப்பார்கள். மீதிப் பேர் பின்கட்டிடத்து ஓய்வு வார்டுக்குப் போவார்கள். அங்கே முப்பத்தெட்டு கட்டிலுக்கு ஒரு நர்ஸ். மானிட்டர் கிடையாது, மின்விசிறி உண்டு.

வெயில் காலத்து மாரடைப்புகள் இரண்டு மடங்கான வருடம் அந்த விதி வந்தது. இருக்கிற கட்டிலைப் பிழைக்கக்கூடியவருக்குக் கொடுப்போம் என்றார்கள். யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. ஜெஸிந்தாவும் எதிர்க்கவில்லை.

அவள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு மாடிக்குப் போனாள்.

முதல் நாள் எல்லோருக்கும் கண்காணிப்பு அறைதான். பன்னிரண்டு கட்டில்களுக்கு நடுவில் தள்ளுகட்டில்களைச் சொருகி இருபது பேரைப் போட்டிருந்தார்கள். கஸ்பார் சுவரோரக் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். துறைமுகத்து இழுவைப் படகுகளில் முப்பது வருடம் என்ஜின் பார்த்தவர். இரைச்சலில் பேசிப் பேசி, மெதுவாகப் பேசவே தெரியாது.

“என்னட்டி, மூஞ்சிய இப்படி வச்சிருக்க? வாத்தியார் மார்க் போட்டுட்டாரா?”

“பத்து மணிக்குத்தான் வரும்ணே.”

“பொய் சொல்லாத. பொய் சொன்னா ஒனக்கு மூக்கு சிவக்கும், சின்னதுலருந்து. பள்ளிக்கூடத்துலயே முப்பத்தஞ்சு தாண்டாதவன் நான். இங்க மட்டும் தாண்டிருவனாக்கும்.”

அவர் மனைவி ரெஜினா டம்ளரைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். “வாயில ஒரு நல்ல சொல்லு வராதா ஒங்களுக்கு? நீயே சொல்லு ஜெஸி. மூச்சு நல்லா விடுதாவ. நெஞ்சுல வலி இல்லங்காவ. கஞ்சிக்குத் தொட்டுக்க மாசிக்கருவாடு கேக்காவ. அப்பறம் எதுக்கு மார்க்கு?”

“அது ஒரு வழக்கம் மைனி. எல்லாருக்கும் போடுவாங்க.”

பக்கத்துத் தள்ளுகட்டிலில் படுத்திருந்த பெண் சிரித்தாள். வெள்ளத்தாய், ஐம்பத்தொரு வயது, முள்ளக்காட்டு உப்பளத்தில் வேலை. போர்வைக்கு வெளியே நீட்டியிருந்த பாதங்கள் உப்பில் வெந்து வெளுத்து, வெடிப்புகளோடு இருந்தன. அவள் மகள் முத்துக்கனி காலடியில் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணாச்சி நேத்துலருந்தே இப்படித்தான்” என்றாள் வெள்ளத்தாய். “அந்த சிஸ்டரு காலைல அஞ்சு மணிக்கு வரிசையா எல்லாத்துக்கும் ஊசி குத்தி ரத்தம் எடுக்க வந்தாவல்லா, அவியட்ட சொல்லுதாரு, கோழி கூப்புடுத நேரத்துல எனக்கு ரத்தம் ஓடாது, எட்டு மணிக்கு மேல வான்னு.”

“ஓடுச்சா இல்லியா? குத்துன பெறவு அரை மணி நேரம் நிக்கல” என்றார் கஸ்பார்.

ஜெஸிந்தா சிரிக்கவில்லை. ஐந்து மணி. லேபிளில் இரவு 9.40.

அது அவளுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவள் ஏற்படுத்திய வழக்கம்தான் அது.

எட்டு வருடத்துக்கு முன் ஒரு ஜூன் மாதம், வார்டின் குளிர்பெட்டி நின்றுபோய் நாற்பது ட்யூப் ரத்தம் சூட்டில் அணுக்கள் உடைந்து சிவந்து வீணானது. மின்சாரக் கட்டுப்பாட்டினால் ஆய்வகக் கருவியை இரவு எட்டு மணிக்கு நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு எடுக்கும் ரத்தம் காலை வரை காத்திருக்க வேண்டும், அந்தச் சூட்டில் அது தாங்காது. வீணானால் ஜெஸிந்தாவுக்கு மெமோ. எடுக்காமல் விட்டால் நர்ஸுக்கு மெமோ, ஏனென்றால் லேபிள் குறித்த நேரத்தில் தானாக அச்சாகி விழும். அவள்தான் வழி சொன்னாள். லேபிள் விழட்டும், எடுத்து ஓரமாக வையுங்கள். காலை ஐந்து மணிக்கு எல்லோருக்கும் புது ரத்தமாக எடுத்து, அதே லேபிளை ஒட்டி, ஒரே ட்ரேயில் அனுப்புங்கள்.

அன்றிலிருந்து யாருக்கும் மெமோ வரவில்லை. அப்போது வாத்தியாரும் வரவில்லை. டாக்டர்கள் எண்ணைப் பார்ப்பார்கள், பிறகு வந்து ஆளைப் பார்ப்பார்கள்.

நர்ஸ்கள் மேசையில் பேச்சியம்மாள் சிஸ்டர் ஒரு கையில் இட்லியும் ஒரு கையில் பேனாவுமாக இருந்தாள்.

“பேச்சி, நேத்து மத்தியானத்துக் கேஸ் ஒன்பதும் அஞ்சு மணிக்கு எடுத்ததுதான?”

“பின்னே? நீங்க சொன்ன அஞ்சு மணி ட்ரே மேடம். நான் வேலைக்குச் சேர்ந்தன்னைக்கு எனக்கு முதல்ல சொல்லிக்கொடுத்ததே அதத்தான்.” சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தாள். “ஏன், ரத்தம் உடைஞ்சிட்டா?”

“இல்ல. நல்லாத்தான் இருக்கு.”

ஆய்வகத்துக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு, ஐந்து வருடப் பதிவுகளை எடுத்தாள். காலையில் சிகிச்சை முடிந்தவர்களை ஒரு பக்கமும் பிற்பகலில் முடிந்தவர்களை ஒரு பக்கமும் பிரிக்க நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை. இத்தனை வருடத்தில் யாரும் அப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. அவள் அதை ஒரு தாளில் அச்செடுத்தாள்.

எட்டே முக்காலுக்கு டாக்டர் ஆறுமுகநயினாரின் அறையில் நின்றாள். கண்காணிப்பு அறைக்கு அவர்தான் பொறுப்பு. வழுக்கைத் தலையை ஈரத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சார், என்சைம் ஏறுறதுல ஒரு சந்தேகம்.”

“அது என்சைம் இல்ல ஜெஸிந்தா, புரதம். இருபது வருஷமா சொல்லுதேன்.”

“சரி சார், புரதம். ஆறு மணி நேரத்துல மூவாயிரத்து நூறுன்னா என்ன அர்த்தம்?”

“தசை நிறைய செத்துருக்குன்னு அர்த்தம். ஆறு மணி நேரத்துலயே அவ்வளவுன்னா இன்னும் எங்க போய் நிக்கும்னு தெரியாது.”

“அதே மூவாயிரத்து நூறு பதிமூணு மணி நேரத்துல இருந்தா?”

“அது ஏறி உச்சிக்கு வர்ற நேரம். சாதாரணம். ஸ்டென்ட் வச்சவன் நூறு பேர்ல அறுவது பேருக்கு அப்படித்தான் இருக்கும். ஏன்?”

அவள் சொன்னாள். நின்றுகொண்டே, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். டாக்டர் துண்டை மேசை மேல் வைத்தார்.

“எத்தனை வருஷமா?”

“ட்ரே எட்டு வருஷமா. வாத்தியார் வந்து அஞ்சு வருஷம்.” தாளை நீட்டினாள். “காலைல சிகிச்சை முடிஞ்சவங்களுக்கு ஆறு மணி நேரம்ங்கிறது பகல்லயே வந்துரும், ரத்தம் சரியான நேரத்துல எடுத்துருவாங்க. அவங்கள்ல நூத்துக்கு ஆறு பேர் செத்திருக்காங்க. மத்தியானத்துக் கேஸ்ல நூத்துக்குப் பத்தொன்பது.”

“மத்தியானம் வர்றவன் வெயில்ல விழுந்து வர்றவன். முத்தின கேஸா இருக்கலாம்.”

“இருக்கலாம் சார். ஓய்வு வார்டுக்குப் போனதாலயும் இருக்கலாம்.”

டாக்டர் தாளை மேசையில் வைத்தார். “வாத்தியார் சொன்னது அப்படியே நடந்துச்சே. அதனாலதான ஒருத்தரும் சந்தேகப்படல. பிழைக்க மாட்டான்னுச்சு, பின்னால அனுப்பினோம், செத்தான். பாத்தியா எவ்வளவு கரெக்டுன்னோம்.”

“எங்க அண்ணனுக்கு முப்பத்தொண்ணு போட்டிருக்கு சார்.”

அவர் நிமிர்ந்தார். “கஸ்பாரா? அந்தக் கருவாடு கேக்கிற ஆளா?”

“நீங்க ஒரு கையெழுத்து போட்டா பட்டியல மாத்தலாம்ல?”

“போடலாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னால ஒரு வாத்தியாரம்மாவுக்குப் போட்டேன், நெசமான வாத்தியாரம்மா. பிழைக்கல. பதினோரு மாசம் விசாரணை. பட்டியல்படி அனுப்பி செத்தா ஒரு கேள்வி கிடையாது. மாத்தி செத்தா என் பேருதான்.” குரலைத் தாழ்த்தினார். “சேகரிச்ச நேரத்த திருத்துற அதிகாரம் ஒனக்கே இருக்குல்ல?”

“ஒரு ட்ரேக்கு ஒரு ட்யூப்தான் திருத்தலாம். ரெண்டாவது திருத்தினா மொத்த ட்ரேயும் செல்லாதுன்னு தள்ளிரும்.”

“தள்ளட்டும். மறுபடி ரத்தம் எடு.”

“எடுத்து, ஓட்டி, முடிவு வர ரெண்டு மணி நேரம் சார். பத்து மணிக்குப் பட்டியல் மூடிரும். மார்க் இல்லாதவங்களுக்கு ஓய்வு வார்டு. ஒன்பது பேரும் போவாங்க.”

இருவரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஒன்பது பத்து.

“வெள்ளிக்கிழமை வாத்தியாரோட மதிப்பீட்டுக் குழு கூடுது” என்றார் டாக்டர். “முழுசா எழுதிக்கொடு. நானும் கையெழுத்துப் போடுதேன். அது பொதுக் காரியம். இன்னைக்கு ஒன்னால ஒருத்தரக் காப்பாத்த முடியும். யாருன்னு நான் கேக்கல.”

ஒன்பது நாற்பதுக்கு ஜெஸிந்தா தன் அடையாள அட்டையைக் கருவியில் வைத்து, நாலாவது ட்யூபின் நேரத்தைத் திருத்தினாள். காரணம் என்ற இடத்தில் ‘லேபிள் பிழை’ என்று எழுதினாள். சேகரித்த நேரம் காலை 5.00. எண் ஒரு கணம் மறைந்து, 31 இருந்த இடத்தில் 68 வந்தது. அதே ரத்தம், அதே மூவாயிரத்து நூற்று நாற்பது.

அவள் பட்டியல் வெளியாகும் வரை திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். கஸ்பார் ஏழாவது. பன்னிரண்டாவது கட்டிலுக்குக் கீழே கோடு. கோட்டுக்குக் கீழே முதல் பெயர் வெள்ளத்தாய், 44.

அவள் நேரத்தைத் திருத்துவதற்கு முன்னால் அந்தப் பெயர் கோட்டுக்கு மேலே கடைசியாக இருந்திருக்க வேண்டும். அதே ட்ரேயில் ஆறாவது ட்யூப். அதே ஐந்து மணி. செய்யக்கூடாது என்று தோன்றியும் ஜெஸிந்தா பதிவில் ஏறாத பயிற்சித் திரையைத் திறந்து, வெள்ளத்தாயின் எண்களை உள்ளிட்டு, நேரத்தை மட்டும் மாற்றிப் பார்த்தாள். 77 என்றது. அண்ணனைவிட நல்ல இதயம்.

பத்தேகாலுக்கு அவள் மாடிக்குப் போனபோது தள்ளுகட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. முத்துக்கனி வாளியையும் துணிப்பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தாள். ஜெஸிந்தாவின் வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் நின்றாள்.

“யக்கா, ஓய்வு வார்டுன்னா சொகமாயிட்டவங்களுக்குத்தான? அம்மா தேறிட்டான்னுதான அர்த்தம்?”

“மானிட்டர் வேண்டாம்னு அனுப்புறாங்க” என்றாள் ஜெஸிந்தா. அதுவும் பொய் இல்லை. “நீ பக்கத்துலயே இரு. நெஞ்சு படபடன்னு அடிக்குன்னு சொன்னாலோ, கிறுகிறுன்னு வருதுன்னாலோ ஓடி வந்து சொல்லு. இது என் நம்பர். எப்ப வேணும்னாலும்.”

“சரிக்கா. நல்லா இருப்பீக.”

உள்ளே கஸ்பார் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “அறுவத்தெட்டு! ஃபர்ஸ்ட் கிளாஸ்! எங்க பள்ளிக்கூடத்து ஃபாதர் உசிரோட இருந்திருந்தா பிரம்ப முறிச்சுப் போட்டிருப்பாரு.” ரெஜினா ஜெபமாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். “மாதா காப்பாத்திட்டா ஜெஸி” என்றாள். ஜெஸிந்தா தலையை அசைத்தாள்.

அன்று முழுக்க அவள் கடிதம் எழுதினாள். எழுதி முடித்ததும் ஓய்வு வார்டுக்குப் போனாள். வெள்ளத்தாய் மின்விசிறிக்கு நேர் கீழே இல்லை என்று குறைபட்டாள், உப்பளத்தைவிட இங்கே பரவாயில்லை என்றும் சொன்னாள். நாடி ஒழுங்காக இருந்தது. அங்கிருந்த நர்ஸிடம், அரை மணிக்கொரு தடவை அந்தம்மாவைப் பார்க்க முடியுமா என்று கேட்டாள். நர்ஸ் முப்பத்தெட்டு கட்டிலையும் கையால் ஒரு வீச்சில் காட்டினாள். கோபமாகக்கூட இல்லை.

மறுநாள் காலை மறுபடி போனாள். நாடி எண்பது. வெள்ளத்தாய் தலை சீவிப் பூ வைத்திருந்தாள்.

மே 19, வியாழக்கிழமை பிற்பகல் மூன்றேகால் வாக்கில் முத்துக்கனி அம்மாவுக்கு மோர் வாங்கக் கீழே போனாள். கேன்டீனில் கூட்டம். திரும்பிவர இருபத்தைந்து நிமிடம் ஆனது. அம்மா சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்குகிறாள் என்று நினைத்து, மோரைத் தலைமாட்டில் வைத்துவிட்டு வாளியில் உட்கார்ந்தாள். எத்தனை நிமிடம் உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. ஜெஸிந்தாவின் எண்ணுக்கு அழைப்பு வந்தது மூன்று ஐம்பத்திரண்டுக்கு.

“துடிப்பு தாறுமாறா ஓடி நின்னிருக்கும்” என்றார் ஆறுமுகநயினார், படியிறங்கும்போது. “மொத ரெண்டு நாள் அந்த ஆபத்து எல்லாருக்கும் உண்டு. ஏழாவது கட்டில்ல இன்னைக்குக் காலைல அதேதான் வந்துச்சு. மானிட்டர் கத்துச்சு, பேச்சி ஓடிப்போய் ஒரு ஷாக் குடுத்தா, முடிஞ்சுது. முழிச்சுப் பாத்துட்டு, யாரும்மா நெஞ்சுல மிதிச்சதுன்னு கேக்காரு.”

“ஏழாவது கட்டிலா சார்?”

அவர் ஒரு படியில் நின்று அவளைப் பார்த்தார். “ஒங்கிட்ட சொல்லலியா? ஒங்க அண்ணன்தான்.”

வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்கு மதிப்பீட்டுக் குழு கூடியது. தலைவரான பெண்மணி சென்னையிலிருந்து திரையில் வந்தார். நரைத்த தலை, பொறுமையான குரல், கடிதத்தை ஏற்கெனவே இரண்டு தடவை படித்திருந்தார். ஜெஸிந்தா எதிர்பார்த்தபடி அவர் கோபப்படவில்லை.

“உங்கள் நேர்மையைக் குழு பாராட்டுகிறது. லேபிள் வழக்கத்தில் பிழை இருப்பது உண்மை. ஆனால் எங்கள் கேள்வி, அந்தப் பிழையால் கணிப்பு தவறியதா என்பது. நீங்கள் குறிப்பிட்ட அந்த ட்ரேயையே எடுத்துக்கொள்வோம். இரண்டு பேரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். கஸ்பார், 68. இன்று எப்படி இருக்கிறார்?”

“நல்லா இருக்கார் மேடம்.”

“வெள்ளத்தாய், 44. ஐம்பதுக்குக் கீழ், அதாவது பிழைக்க மாட்டார் என்ற கணிப்பு.”

“இறந்துட்டாங்க.”

“ஆக, இரண்டும் சரி.”

“அந்த அறுபத்தெட்டு நான் போட்டது மேடம். நேரத்தத் திருத்தினதால வந்தது. முதல்ல முப்பத்தொண்ணு.”

“தெரியும். எழுதியிருக்கிறீர்கள். திருத்திய நேரம் சரியானதுதான் என்பதற்கு அவர் பிழைத்ததே சான்று.”

“வெள்ளத்தாய்க்கும் அதே நேரம்தான். அதே அஞ்சு மணி. திருத்தியிருந்தா எழுபத்தேழு வந்திருக்கும்.”

“எழுபத்தேழு வந்திருந்தால் தவறாகியிருக்கும் அல்லவா?” என்றார் தலைவர், குழப்பத்தைத் தீர்த்துவைக்கிற கனிவோடு. “அவர் இறந்துவிட்டாரே.”

டாக்டர் ஆறுமுகநயினார் இருமினார். தன் முன்னால் இருந்த கடிதத்தை மடித்துவைத்தார். திரையில் இருந்தவர்கள் அடுத்த பொருளுக்குப் போனார்கள்.

கஸ்பார் மே 23 அன்று வீடு திரும்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெஜினா நன்றிப் பூசைக்கு எழுதிக் கொடுத்து, ஜெஸிந்தாவைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சீலா மீன் குழம்பு. “அறுவத்தெட்டு போட்டாரு, அப்படியே பலிச்சிட்டு. லேசுப்பட்ட வாத்தியார் இல்லட்டி அவரு” என்றார் கஸ்பார், முள்ளை எடுத்துக்கொண்டே. அவள் இரண்டாம் தடவை சோறு வாங்கவில்லை.

ஜூலை முதல் வாரத்தில் குழுவின் பதில் வந்தது. சேகரிப்பு நேரம் குறித்த கடிதம் பதிவு செய்யப்பட்டதாகவும், இரவு நேர ஆய்வகத்துக்கான மின் ஒதுக்கீடு அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படும் எனவும் அதில் இருந்தது. மே மாதத்தில் கீழக்கடல் இருதய மையத்தின் கணிப்புத் துல்லியம் 91.6 சதவீதம். ஏப்ரலில் அது 91.4 ஆக இருந்தது.

மறுநாளும் ட்ரே காலை ஐந்து மணிக்கு வந்தது.